ரைசன் 5-ஆ, ஐ3-ஆ? எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. கல்லூரியில் இடமும் கிடைச்சாச்சு. ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம் என்று வரிசைகட்டி நிற்கும் செலவுகளில் அடுத்தது லேப்டாப். சிலர் சீட்டு எடுத்த பணத்தோடு வருகிறார்கள். சிலர் மாதத் தவணையை நம்பி வருகிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

கண்ணாடி மேஜையின் மேல் இரண்டு லேப்டாப்கள். இரண்டும் 40,000 ரூபாய்க்கு அக்கம்பக்கம். பார்க்க ஒரே மாதிரி. ஒன்றில் 'இன்டெல் ஐ3' என்று நீல ஸ்டிக்கர். இன்னொன்றில் 'ரைசன் 5'.

"ரெண்டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?" அப்பா கேட்கிறார்.

"இது மூணு, அது அஞ்சு சார். விலை ரெண்டும் ஒண்ணுதான். அஞ்சையே எடுத்துக்கங்க."

"நீ என்னம்மா சொல்ற?"

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஐ3 மட்டும் வேணாம்னு சொன்னாங்கப்பா."

பில் போட்டாயிற்று.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மூன்றைவிட ஐந்து பெரியதுதான். ஆனால், இந்த மூன்றும் அந்த ஐந்தும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டவை அல்ல. அந்த 'ரைசன் 5'-க்குப் பின்னால் 7520யூ என்ற எண்ணும், அந்த 'ஐ3'-க்குப் பின்னால் 1215யூ என்ற எண்ணும் இருந்தால், வேகத்தில் ஜெயிப்பது மூன்றுதான்.

அது எப்படி?

பெயர் வேறு, பிறப்பு வேறு

லேப்டாப்பின் மூளை பிராசஸர். இதைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் இரண்டு: இன்டெல், ஏ.எம்.டி. இன்டெல் தன் பிராசஸர்களை ஐ3, ஐ5, ஐ7 என்று பிரித்தது. ஏ.எம்.டி. அதற்குப் போட்டியாக ரைசன் 3, 5, 7 என்று பிரித்தது. இந்த 3, 5, 7 எல்லாம் அந்தந்த நிறுவனம் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்கள். கிலோ, லிட்டர் மாதிரி எல்லோருக்கும் பொதுவான அளவு அல்ல.

அதைவிட முக்கியமான விஷயம், பிராசஸர் எந்தத் தலைமுறையில் வடிவமைக்கப்பட்டது என்பது. இன்டெல் ஐ3-1215யூ, 2022 தொடக்கத்தில் அறிமுகமானது. அந்த நிறுவனத்தின் 12-வது தலைமுறை. அப்போது புத்தம் புதிய வடிவமைப்பு. விலை உயர்ந்த ஐ7-க்குப் பயன்படுத்திய அதே அடிப்படை வடிவமைப்பைத்தான், எண்ணிக்கையைக் குறைத்து இந்த ஐ3-க்கும் கொடுத்தார்கள்.

ரைசன் 5 7520யூ வந்தது அதே 2022-ம் ஆண்டின் செப்டம்பரில். தேதியைப் பார்த்தால் இதுதான் இளையவர். ஆனால், உள்ளே இருப்பது 'ஜென் 2' என்ற வடிவமைப்பு. அது 2019-ல் வந்தது. குறைந்த விலை லேப்டாப்களுக்காக அந்தப் பழைய வடிவமைப்பையே எடுத்து, மின்சாரம் குறைவாகச் செலவாகும் புதிய முறையில் தயாரித்து, புதிய எண் கொடுத்துக் களமிறக்கினார்கள். புது வீடுதான், ஆனால் பழைய பிளான்.

நாலு எண்ணின் ஜாதகம்

இதை ஏ.எம்.டி. மறைக்கவில்லை. எண்ணைப் படிக்கும் முறையை அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. ஸ்டிக்கரில் அது இருக்காது என்பதுதான் சிக்கல்.

7520 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். முதல் எண் 7, அது 2023-ம் ஆண்டு வரிசை என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் 5, விலைப் படிக்கட்டில் எந்தப் படி என்பது. மூன்றாவது எண் 2. இதுதான் வடிவமைப்பு. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. கடைசி எண், அந்தத் தலைமுறைக்குள் மேல்நிலையா, கீழ்நிலையா என்பது. பின்னால் வரும் 'யூ' என்ற எழுத்து, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் மெல்லிய லேப்டாப்களுக்கானது என்பதற்கான அடையாளம்.

ஆக, 7 ஆயிரம் வரிசை பிராசஸரை வாங்கும்போது கண் போக வேண்டியது மூன்றாவது எண்ணின் மேல். இதற்கு நல்ல உதாரணம் 7520யூ-வும் 7530யூ-வும். ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். இரண்டும் 'ரைசன் 5' தான். ஆனால், 7520-ல் நான்கு கோர். 7530-ல் ஆறு கோர். கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் 'கேஷ்' நினைவகம் முதலாவதில் 4 எம்பி, இரண்டாவதில் 16 எம்பி. பெயரில் அண்ணன் தம்பி, திறமையில் ஏணி வைத்தாலும் எட்டாது.

இன்டெல் மட்டும் யோக்கியமா என்றால், அங்கேயும் இந்தக் கதை உண்டு. 'ஐ3' என்ற பெயரை மட்டும் நம்பினால், 11-வது தலைமுறை ஐ3-1115ஜி4 கையில் வந்து சேரலாம். அதில் இரண்டே கோர். 1215யூ-வில் ஆறு. இரண்டுக்கும் ஸ்டிக்கரில் அதே ஐ3 தான். இன்டெல்லில் பார்க்க வேண்டியது கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு எண்கள். 11 என்றால் 11-வது தலைமுறை, 12 என்றால் 12-வது.

கல்யாண சமையல் கணக்கு

கோர், திரெட், கேஷ் என்று கடையில் அடுக்கும்போது தலை சுற்றும். ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும்.

கோர் என்பது சமையல்காரர். ரைசன் 5 7520யூ சமையற்கட்டில் நான்கு பேர். நான்கு பேரும் ஒரே அளவு அனுபவம் உள்ளவர்கள். ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். மொத்தம் எட்டு அடுப்பு. இந்த அடுப்பைத்தான் 'திரெட்' என்கிறார்கள்.

ஐ3-1215யூ சமையற்கட்டில் ஆறு பேர். இரண்டு பேர் கைதேர்ந்த தலைமைச் சமையல்காரர்கள். இவர்கள் ஆளுக்கு இரண்டு அடுப்பு பார்ப்பார்கள். மீதி நான்கு பேர் காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, ஆளுக்கு ஓர் அடுப்பைக் கவனிக்கும் உதவியாளர்கள். கூட்டிப் பார்த்தால் இங்கேயும் எட்டு அடுப்பு.

விளம்பரத்தில் இரண்டுக்கும் '8 திரெட்' என்றுதான் போட்டிருக்கும். ஆனால், அவசரமாக ஒரு சாம்பார் வேண்டும் என்றால் யார் சீக்கிரம் செய்வார்? அந்தத் தலைமைச் சமையல்காரர்தான். லேப்டாப்பில் நாம் தினமும் செய்யும் வேலைகள் பலவும் இப்படி ஒற்றைச் சாம்பார் வகைதான். பிரவுசர் திறப்பது, எக்ஸெல் ஷீட்டில் கணக்கு ஓடுவது, ஃபைல் திறப்பது எல்லாமே ஒரு நேரத்தில் ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தவை.

கேஷ் என்பது சமையல்காரரின் கைக்கு எட்டும் அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கும் சீரகத்துக்கும் எழுந்து போக வேண்டாம். ஐ3-யில் இந்தப் பெட்டி 10 எம்பி. ரைசன் 5 7520யூ-வில் 4 எம்பி. ரேம் என்பது காய்கறிகளைப் பரப்பி வைக்கும் மேடை. எஸ்.எஸ்.டி. என்பது பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூம். மேடை சிறியதாக இருந்தால், எவ்வளவு நல்ல சமையல்காரரும் நூறு தடவை ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டியதுதான்.

வேலையில் யார் எப்படி?

ஒற்றைக் கோர் வேகத்தை அளக்கும் சோதனைகளில் ஐ3-1215யூ, ரைசன் 5 7520யூ-வைக் கால் பங்குக்கும் மேல் முந்துகிறது. எல்லா கோர்களும் சேர்ந்து உழைக்கும் சோதனைகளிலும் பொதுவாக ஐ3 தான் முன்னால். ஆனால், அங்கே இடைவெளி லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். விசிறியும் உள்ளே காற்றோட்டமும் சரியில்லாத மெல்லிய லேப்டாப்பில் ஐ3 சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வீட்டு வேலையில் இது எப்படித் தெரியும்? வேர்டில் டைப் செய்வது, ஆன்லைன் வகுப்பு, யூடியூப், ரயில் டிக்கெட் என்றால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள எக்ஸெல், ஒரே நேரத்தில் வீடியோ மீட்டிங்கும் பத்துப் பன்னிரண்டு பிரவுசர் டேபும், பைத்தான், ஜாவா புரோகிராம்கள் என்று போகும்போது ஐ3 சுறுசுறுப்பாக இருக்கும். மூன்றாவது, நான்காவது வருடத்தில் மென்பொருள்கள் இன்னும் கனமாகும்போது இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

படம் பார்ப்பதற்கு இரண்டுமே போதும். கேம்ஸ் ஆடவோ, கட்டடக்கலை மாணவர்கள் முப்பரிமாண வரைபடம் போடவோ இரண்டுமே ஏற்றவை அல்ல. அதற்கு விலைப் படிக்கட்டில் மேலே போகத்தான் வேண்டும்.

ரைசன் 5 7520யூ-வுக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அது அலட்டிக்கொள்ளாத பிள்ளை. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். லேசான வேலைகளில் சூடும் விசிறிச் சத்தமும் குறைவு. ஆனால், பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பது பிராசஸரை மட்டும் பொறுத்ததல்ல. பேட்டரியின் அளவு எத்தனை 'வாட் ஹவர்' என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த எண் பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

திருத்த முடியாத தவறு

இந்த இரண்டு பிராசஸர்களுக்கும் இடையே வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ரைசன் 5 7520யூ ஏற்றுக்கொள்வது 'எல்.பி.டி.டி.ஆர்.5' என்ற வகை ரேமை மட்டும்தான். இந்த லேப்டாப்களில் அது உள்ளே இருக்கும் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வருகிறது. கழற்ற முடியாது, கூட்ட முடியாது. 8 ஜிபி-யோடு வாங்கினால், அந்த லேப்டாப் உயிரோடு இருக்கும்வரை 8 ஜிபி தான். அதிலும் ஒரு பகுதியைத் திரையில் படம் காட்டும் வேலைக்காக கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அது ஓடுவதற்கான அளவு, நிம்மதியாக ஓடுவதற்கான அளவு அல்ல. இன்றைக்கு 8 ஜிபி போதும். கல்லூரியின் கடைசி வருடத்தில் புராஜெக்ட் செய்யும்போது போதுமா என்பதுதான் கேள்வி. முதல் வருடத்தில் வேகமாக ஓடிய லேப்டாப், புராஜெக்ட் நேரத்தில் திணறும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "இதுல ரேம் போட முடியாதுங்க" என்பார்கள். மறுபடியும் ஒரு செலவு. அந்த நேரத்தில் வீட்டில் அந்தப் பணம் இருக்குமா?

ஐ3-1215யூ, கழற்றி மாட்டும் வகை ரேம், பற்றவைத்த ரேம் இரண்டையுமே ஏற்கும். அதனால், பல மாடல்களில் ரேம் மாட்ட ஸ்லாட் இருக்கும். இப்போது 8 ஜிபி-யோடு வாங்கி, இரண்டு வருடம் கழித்து இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். ஆனால், 'பல' மாடல்களில்தான், எல்லாவற்றிலும் அல்ல. சில மெல்லிய ஐ3 லேப்டாப்களிலும் ரேம் பற்றவைக்கப்பட்டே வருகிறது. அதனால், ஐ3 என்ற பெயரைப் பார்த்ததும் நிம்மதியடைய வேண்டாம். ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

விலையும் ரேமும் சமமாக இருந்தால், யோசிக்கவே வேண்டாம். ஐ3-1215யூ. அதிலும் ரேம் ஸ்லாட் உள்ள மாடல்.

ரைசன் 5 7520யூ-வில் 16 ஜிபி ரேம், ஐ3-யில் 8 ஜிபி, விலை ஒன்றே என்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அதே கடையில் 8 ஜிபி ரேம் என்ன விலை என்று கேளுங்கள். ஐ3 விலையோடு அதைக் கூட்டுங்கள். அந்தத் தொகை கைக்கு அடக்கமாக இருந்து, ஸ்லாட்டும் இருந்தால் ஐ3 தான் நீண்ட நாள் துணை. அந்தத் தொகை கட்டுப்படியாகாது, அல்லது ஸ்லாட் இல்லை என்றால், 16 ஜிபி உள்ள ரைசனை எடுப்பதில் தவறில்லை. வேகமான பிராசஸரும் குறைந்த ரேமும் சேர்ந்து படுத்தும் பாட்டைவிட, நிதானமான பிராசஸரும் தாராளமான ரேமும் நல்ல ஜோடி.

ரைசன் லேப்டாப்பின் விலை பத்தில் ஒரு பங்காவது குறைவாக இருந்து, வேலையும் லேசானதுதான் என்றால், அதை எடுக்கலாம். வீட்டில் தாத்தா பேரப்பிள்ளைகளோடு வீடியோ காலில் பேச, அம்மா கணக்கு எழுத, எட்டாம் வகுப்புப் பையன் பாடம் படிக்க அது தாராளம். மிச்சமாகும் பணம் நல்ல பையும் மவுஸும் வாங்க உதவும்.

8 ஜிபி பற்றவைத்த ரைசன் 7520யூ-வை, ஐ3 விலைக்கே கல்லூரிப் பிள்ளைக்கு வாங்குவதுதான் செய்யக் கூடாத காரியம். கடைகளில் அடிக்கடி நடப்பதும் அதுதான்.

இன்னொரு விஷயம். அதே அலமாரியில் ரைசன் 5 7530யூ-வோ, அதற்கு முந்தைய வருட வெளியீடான 5625யூ-வோ சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தால், மேலே சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். 5625 என்ற எண் 7520-ஐவிடச் சிறியதாகத் தெரியும். ஆனால், அதில் இருப்பது ஜென் 3, ஆறு கோர், 12 திரெட். இங்கேயும் சிறிய எண்தான் பெரிய ஆள்!

பில் போடும் முன் ஐந்து நிமிடம்

காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் 'சி.பி.யூ.' என்ற இடத்தில் பிராசஸரின் முழுப் பெயர் எண்ணோடு இருக்கும். ஸ்டிக்கர் சொல்லாததை இது சொல்லிவிடும்.

அதே இடத்தில் 'மெமரி' என்பதைத் தொட்டால் ரேமின் அளவு வரும். கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி. அங்கே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால், ரேம் பற்றவைக்கப்பட்டது என்று அர்த்தம். 'எஸ்.ஓ.டிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடியது. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்பதையும் காட்டும். இந்தத் திரையை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி பிரிக்காத புது லேப்டாப்பைக் கையில் கொடுக்கும்போது, பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் காட்சிக்கு வைத்த லேப்டாப்பின் மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஒரே தோற்றத்தில், ஒரே வரிசைப் பெயரில், வேறு வேறு பிராசஸரோடு மாடல்கள் வருகின்றன.

கடைசியாக, ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். தலைப்பில் 'ரைசன் 5', 'ஐ3' என்று மட்டும் போட்டு, முழு எண்ணைச் சொல்லாத லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். எண்ணைச் சொல்லத் தயங்கினால், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கடைக்குப் போகும் அப்பாவுக்கு கோரும் கேஷும் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. இரண்டே கேள்விகள் போதும். "இதோட முழு நம்பர் என்ன தம்பி?" "பின்னாடி ரேம் போட முடியுமா?"

புடவை எடுக்கும்போது முந்தானையைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. நாலு வருடம் பிள்ளையின் படிப்பைச் சுமக்கப்போகும் பெட்டிக்கும் அந்தக் கவனம் வேண்டாமா?